புதன்கிழமைக் கிணறு

என் பத்தாவது வயதில், ஒரு புதன்கிழமை காலை ஏழு மணியிலிருந்து ஏறக்குறைய எட்டேகால் மணிவரை நான் ஒரு முதலாளியாக இருந்தேன். அதுவும் ஒரு கம்யூனிஸ்டின் மருமகளாக இருந்துகொண்டே. இரண்டையும் ஒரே நேரத்தில் செய்ய முடியாது என்று நினைப்பவர்கள் எங்கள் ஊர்க் கிணற்றைப் பார்த்திராதவர்கள்.

எங்கள் தீவில் எங்கே தோண்டினாலும் தண்ணீர் வரும். வாயில் வைக்கத்தான் முடியாது, உப்புக் கரிக்கிற சவர். குடிக்கக்கூடிய தண்ணீர் எங்கள் பக்கத்தில் ஒரேயொரு கிணற்றில் இருந்தது. அது ஆறு குடும்பங்களின் பங்குக் கிணறு. காணி உறுதிப் பத்திரங்களில் ‘கிணற்றில் ஆறில் ஒரு பங்கும் வழி வாய்க்காலும்’ என்று எழுதப்பட்டு, சீதனமாகக் கைமாறிக் கைமாறி வந்தது. ஆறு பங்குக்கு ஆறு நாள். வெள்ளிக்கிழமை கோயிலுக்கு. சுற்றிவர மதில், முன்னால் இரும்புக் கேற், அதற்கு ஒரு பூட்டு, பங்குக்காரர் ஒவ்வொருவரிடமும் ஒரு சாவி.

செவ்வாய்க்கிழமை எங்களுடையது. அது அம்மாவின் சீதனம். புதன்கிழமை அம்மாவின் தம்பியான மாமாவுடையது. திங்கட்கிழமை கனடாவில் இருந்தது. வியாழன் லண்டனில், சனியும் ஞாயிறும் நோர்வேயில். போர்க்காலத்தில் ஊரைவிட்டுப் போனவர்கள் மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டுத்தான் போனார்கள், தங்கள் நாட்களை மட்டும் விடவில்லை. அந்த நாட்களில் கேற் பூட்டியபடி கிடக்கும். கிணறு நிறையத் தண்ணீர் இருக்கும், அள்ள ஆள் இருக்காது.

கரைப் பக்கத்தில் நாற்பது குடும்பங்கள் இருந்தன. கடலுக்குப் போகிறவர்கள், மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரர், எங்களைப் போலவே பல தலைமுறையாக அந்தத் தீவில் இருப்பவர்கள். கிணற்றில் அவர்களுக்குப் பங்கில்லை. பிரதேச சபையின் தண்ணீர் லொறியான பவுசர் வரும் நாளில் அவர்கள் தண்ணீர்க் கான்களை வரிசையாக வைத்துக்கொண்டு நிற்பார்கள். வராத நாளில் சவர்த் தண்ணீரில் சோறு வடிப்பார்கள். என் சிநேகிதி றெஜினா அந்தக் கரையில்தான் இருந்தாள்.

மாமா யாழ்ப்பாணத்துக்கும் குறிகட்டுவானுக்கும் இடையில் ஓடுகிற பஸ்ஸில் கொண்டக்டர். கலியாணம் கட்டாதவர், எங்கள் வீட்டிலேயே இருந்தவர். இளவயதில் பட்டணத்தில் யாரோடோ சேர்ந்து, தேநீர்க் கடையில் எல்லாருக்கும் ஒரே மாதிரிக் கிளாஸ் வேண்டும் என்று கேட்கப் போய், மண்டையில் ஒரு தழும்போடு திரும்பி வந்தவர். அந்தத் தழும்பை அவர் சீப்பால் மூடுவதே இல்லை. அவருடைய பஸ்ஸில் பெரிய ஆள் என்று யாருக்கும் இருக்கை பிடித்துவைக்க ஏலாது. கோயில் தர்மகர்த்தாவே ஒருநாள் வேலணையிலிருந்து நின்றுகொண்டு வந்திருக்கிறார்.

புதன்கிழமை மாமாவுக்கு விடுமுறை. விடியற்காலையில் போய்க் கேற்றை அகலத் திறந்துவைத்துவிட்டு, பக்கத்தில் கிடந்த கல்லில் உட்கார்ந்து பத்திரிகை படிப்பார். கரைச் சனம் வந்து அள்ளிக்கொண்டு போகும். உரிமை, சலுகை என்றெல்லாம் அவர் பேசமாட்டார். ‘கயிறு கவனம்’ என்று மட்டும் சொல்வார். சுருக்கமாகச் சொன்னால், உலகத்தில் எழுந்த கம்யூனிச ஆட்சிகளில் மிகச் சிறியது எங்கள் ஒழுங்கை முடிவில், வாரத்துக்கு ஒரு நாள் நடந்தது. எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது. புதன்கிழமைகளில் றெஜினா வருவாள், நாங்கள் தொட்டியில் கால் வைத்துக்கொண்டு கதைப்போம்.

அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. அவர் தடுத்ததும் இல்லை. மைத்துனரின் நாள், மைத்துனரின் தண்ணீர். ஆனால் சிவப்புக் கொடி என்றால் அப்பாவின் முகம் ஒரு மாதிரியாகிவிடும். அவர் இளவயதில் தெற்கில் ஒரு பட்டணத்தில் அப்பப்பாவின் கடையில் நின்றவர். ஒரு காலத்தில் அங்கே சிவப்புப் பேசிய பெடியள் இரவோடிரவாகக் கடைக் கதவில் கடதாசி ஒட்டுவார்களாம்: நாளைக்குத் திறந்தால் தெரியும். விடிந்ததும் துவக்கு தூக்கிய ஆமிக்காரர் வந்து பூட்டை உடைத்து, திற என்பார்களாம். இரண்டு பக்கமும் கேட்ட கேள்வி ஒன்றுதான், நீ யார் பக்கம்? அப்பா எந்தப் பக்கமும் இல்லை, அவர் சீனி நிறுத்துக்கொண்டிருந்தவர். கடைசியில் கடையையே விட்டுவிட்டு வந்தார்கள்.

“உம்மட ஆக்கள் முதல்ல கதவைத் திறப்பினம்,” என்பார் மாமாவிடம். “எல்லாரும் வாங்கோ எண்டுவினம். பிறகுதான் கேள்வி வரும்.”

“என்ன கேள்வி அத்தான்? நான் ஒரு கேள்வியும் கேக்கிறேல்லையே.”

“நீர் கேக்கமாட்டீர். உமக்குப் பின்னால வாறவன் கேப்பான்.”

இப்படியே போய்க்கொண்டிருந்தபோது பிரதேச சபைத் தேர்தல் வந்தது. மாமாவும் அவருடைய தோழர்கள் சிலரும் சுயேச்சையாக வாக்குக் கேட்டார்கள். சின்னம் குலுக்கலில் விழுந்தது, கேத்தில். அரிவாளும் இல்லை, சுத்தியலும் இல்லை, தேத்தண்ணி ஊற்றுகிற கேத்தில். மாமா கொஞ்சமும் மனம் தளரவில்லை. தொழிலாளிக்கு முதலில் வேண்டியது அதுதானே என்றார்.

ஊருக்குள் பயம் பரவியது. மாமா வென்றால் ஏழு நாளும் புதன்கிழமை ஆகிவிடும் என்று பேசிக்கொண்டார்கள். அதுதான் என் ஆசையும். ஏழு நாளும் றெஜினா வருவாளே! மற்றவர்கள் எதை நினைத்துப் பயந்தார்களோ, அதையே நான் நேர்ந்துகொண்டு பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தேன். திங்கட்கிழமையின் சொந்தக்காரரான கனடா மாமா ஒருநாள் விட்டு ஒருநாள் அப்பாவுக்குத் தொலைபேசி எடுத்தார். அவர் அம்மாவின் ஒன்றுவிட்ட தமையன். நாடு விட்டுப் போய் இருபது வருடம்.

“என்ர திங்களில அவன் கை வைக்கப்போறானாமே? நான் லோயரோட கதைக்கட்டோ?”

கனடாவில் அவருடைய வீட்டுக் குழாயைத் திறந்தால் ஏழு நாளும் தண்ணீர் வரும், அது யாருடைய சீதனமும் இல்லை. இதை அவரிடம் எடுத்துச் சொல்ல அப்பாவுக்கு மனம் வரவில்லை. எனக்கோ இது அப்போது தெரியாது.

நான் தேர்தல் வேலை செய்தேன். புதன்கிழமைகளில் கிணற்றடிக்கு வருகிற பெரியவர்களை எண்ணினேன். அறுபத்தொரு பேர். ஒவ்வொருவரிடமும் மாமா கேத்தில் படம் போட்ட துண்டைக் கொடுக்க, ஒவ்வொருவரும் ‘ஓம் அண்ணை’ என்றார்கள். அறுபத்தொரு ‘ஓம்’ என் காதில் விழுந்தது. அதன்பிறகு தேர்தல் என்று ஒன்று தேவையா என்றுகூட எனக்குத் தோன்றியது.

எங்கள் பள்ளிக்கூடப் பெட்டியில் கேத்திலுக்கு விழுந்த வாக்கு பத்தொன்பது.

எண்ணுகிற இடத்தில் நின்ற தோழர் வந்து சொன்னபோது மாமா சிரித்தார். “பத்தொன்பது பேர் இருக்கினமே, பஸ்ஸில பாதி நிரம்பும்,” என்றார். அம்மா குசினிக்குள் போய் மூக்கைச் சிந்தினாள். எனக்கு வந்ததோ கொதிப்பு. அறுபத்தொன்றில் பத்தொன்பதைக் கழிக்க எனக்குத் தெரியும். அந்தப் பத்தொன்பதிலும் ஒன்று அம்மாவுடையது, ஒன்று மாமாவுடையது. ஆக நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் எங்கள் தண்ணீரைக் குடித்துக்கொண்டே எங்களுக்குத் துரோகம் செய்திருக்கிறார்கள். ‘எங்கள் தண்ணீர்’ என்று அன்றுதான் முதன்முதலாக நினைத்தேன். அதை நான் கவனிக்கவில்லை.

தேர்தலுக்காக எடுத்த விடுமுறைகளை ஈடுசெய்ய மாமா அந்தப் புதன்கிழமை வேலைக்குப் போனார். கேற்றைத் திறந்துவிடும்படி போகும்போது அம்மாவிடம் சொன்னார். அம்மா சோற்றை அடுப்பில் வைத்துவிட்டு, “போய்த் திறந்துவிடு, வாளி விழாமல் பார்,” என்று எங்கள் சாவியை எடுத்து என்னிடம் கொடுத்தாள். பள்ளிக்கூட விடுமுறைக் காலம். நான் போய்த் திறந்தேன், பாதி மட்டும். ஓர் ஆள் நுழையக்கூடிய அளவு. அந்த இடைவெளியில் நான் நின்றுகொண்டேன்.

முதலில் வந்தவரிடம் கேட்டேன். “கேத்திலுக்குப் போட்டனீங்களோ?”

“ஓம் பிள்ளை, வேற ஆருக்குப் போடுறது?”

விட்டேன். அடுத்தவரும் ஓம். அதற்கடுத்தவர் ஒருபடி மேலே போய், தன் வீட்டில் ஐந்து பேரும் கேத்திலுக்குத்தான் போட்டது என்று கூட வந்த தன் பிள்ளையின் தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். ஒரு பெண் சிரித்துக்கொண்டே என் கன்னத்தைக் கிள்ளினாள். இருபத்திரண்டு பேர் உள்ளே போனபோது பத்தொன்பதைத் தாண்டிவிட்டது என்பது எனக்குத் தெரிந்தது. எவர் பொய், எவர் மெய் என்று பிரிக்கத்தான் தெரியவில்லை. நீதிபதியின் வேலை இவ்வளவு கடினமாக இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

இருபத்துமூன்றாவதாக றெஜினாவின் அம்மா வந்தார். பின்னால் றெஜினா, சின்னக் கானோடு. நான் அவளைப் பார்க்காமல் கேட்டேன்.

“அன்ரி, கேத்திலுக்குப் போட்டனீங்களோ?”

அவர் கானை நிலத்தில் வைத்தார். “இல்லைப் பிள்ளை. நான் போடேல்லை.”

அப்படியொரு பதிலுக்கு நான் ஆயத்தமாக இருக்கவில்லை. ஆனால் ஒருவாறு எனக்கு ஆறுதலாகவும் இருந்தது. கடைசியில் ஒரு குற்றவாளி அகப்பட்டுவிட்டார். நான் கேற்றைப் பிடித்துக்கொண்டேன்.

“அப்ப உங்களுக்குத் தண்ணி இல்லை.”

உள்ளே கப்பி சுற்றுகிற சத்தம் நின்றது. றெஜினாவின் அம்மா என்னைக் கோபமாகப் பார்க்கவில்லை. ஏதோ ஒன்றைச் சரிபார்ப்பதுபோலக் கேட்டார்.

“மாமா வோட்டுக்கோ தண்ணி தந்தவர்?”

“ஓம்,” என்றேன் நான். தோற்றுப்போனவரின் மானத்தைக் காப்பாற்றுகிறேன் என்ற முழு நம்பிக்கையோடு, உரத்து.

அவர் வெறுங்கானைத் தூக்கிக்கொண்டு திரும்பினார். றெஜினா தாயின் பின்னால் போனாள். கிணற்றடியில் நின்ற ஒரு பெண் தன் குடத்தைக் கவிழ்த்து, அள்ளிய தண்ணீரைத் தொட்டிக்குள் ஊற்றினாள். சற்று முன் என் கன்னத்தைக் கிள்ளியவள் அவள்தான். அடுத்தவளும் ஊற்றினாள். அந்தத் தீவில் நல்ல தண்ணீரை ஒருவர் வெளியே ஊற்றுவதை நான் அதுவரை கண்டதில்லை. “எனக்கு உலை வைக்கவேணும், நான் ஊத்தமாட்டன்,” என்று ஒரு மனுசி மட்டும் தன் குடத்தோடு போனாள். எட்டேகால் மணிக்குக் கிணற்றடியில் நானும், நிரம்பி வழிகிற தொட்டியும், இரண்டு ஆடுகளும் மட்டும் நின்றோம்.

நான் கேற்றைப் பூட்டிவிட்டு வீட்டுக்கு வந்து, சாவியை இருந்த இடத்தில் மாட்டினேன். யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. பின்னேரம் மாமா வேலை முடிந்து வந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. கனடா மாமா. எங்கள் ஊரில் நடக்கிறது அடுத்த வீட்டுக்குத் தெரிவதற்கு முன்னால் கனடாவுக்குத் தெரிந்துவிடும். அப்பாவின் தொலைபேசியில் காதே தேவையில்லை, முற்றத்தில் நின்றாலும் கேட்கும்.

“உன்ர மகள் கெட்டிக்காரியடாப்பா! வோட்டுப் போடாததுகளை வாசல்லயே வைச்சுத் திருப்பி அனுப்பினவளாம். அப்பிடித்தான் இருக்கவேணும்! ஒரு குடும்பத்தில ஒருத்தருக்காவது மூளை இருக்கே.”

மாமா கோப்பையை மேசையில் வைத்தார். அவருடைய முகம் அப்படி வெளிறி நான் கண்டதில்லை, தேர்தலில் தோற்ற அன்றும் இல்லை. “என்னடி செய்தனீ?” என்றார். நான் சொன்னேன், ஒன்று விடாமல். நடுவில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. கனடாவே மெச்சியிருக்கிறதே.

அப்பா ஏசுவார் என்று பார்த்தேன். இல்லாவிட்டால், பார்த்தீரா நான் சொன்னேனே என்று மாமாவைக் குத்திக் காட்டுவார் என்று பார்த்தேன். அவர் இரண்டையும் செய்யவில்லை. என் பக்கத்தில் வந்து குந்தியிருந்து, மெதுவாகச் சொன்னார்.

“எங்கட கடை வாசல்ல நிண்டவங்களும் இதைத்தானம்மா கேட்டவங்கள்.”

சொல்லிவிட்டு எழும்பிப் போய் வாசற் கதவைச் சாத்தினார். என்மீது கோபம் என்று நினைத்து அழத் தொடங்கினேன். கோபம் இல்லை, பயம். தன் மகளைப் பார்த்தே பயந்த ஒரு மனிதனை நான் அன்று அழவைத்துவிடப் பார்த்தேன் என்பது எனக்கு விளங்கப் பல வருடங்கள் எடுத்தன.

மறுநாள் விடிய, வேலைக்குப் போகுமுன்பு மாமா என்னைச் சைக்கிளில் ஏற்றிக் கரைக்குக் கொண்டுபோனார்.  றெஜினாவின் அம்மா வலை தைத்துக்கொண்டிருந்தார். கதிரை எடுத்துப் போட்டு, எங்களுக்குத் தேத்தண்ணி ஊற்றினார். சவர்த் தண்ணீரில் போட்ட தேநீர். சீனி எவ்வளவு போட்டாலும் உவர்ப்பு தொண்டையில் நிற்கும். நல்ல தண்ணீர் இல்லாத காரணம் யாருக்கும் சொல்லித் தெரியவேண்டியதில்லை. மாமா கடைசித் துளி வரைக்கும் குடித்தார். என்னையும் குடிக்கவைத்தார்.

“பிள்ளை கேட்டது பிழை, தங்கச்சி. மன்னிச்சுக்கொள்ளுங்கோ. தண்ணிக்கும் வோட்டுக்கும் ஒரு சம்பந்தமுமில்லை.”

“எனக்குத் தெரியும் அண்ணை, நீங்கள் அப்பிடி நினைக்கேல்லை எண்டு.” அவர் ஊசியை வலைக்குள் செருகிவைத்தார். “ஆனால் பிள்ளை கேட்ட பிறகுதான் யோசிச்சனான். புதன் உங்கட. நீங்கள் நல்ல மனுசன் எண்டபடியால் திறக்கிறியள். நாளைக்கு உங்களுக்கு ஒண்டு நடந்தால் சாவி இந்தப் பிள்ளையின்ர கையில. பிள்ளைக்கு எங்களில கோவம் வந்தால் நாங்கள் கானைத் தூக்கிக்கொண்டு திரும்பவேணும்.”

மாமா தலையை ஆட்டினார். பிறகு, கேட்கலாமா வேண்டாமா என்று இழுத்தபடி கேட்டார். “குறை நினைக்காதேங்கோ… ஆருக்குப் போட்டனீங்கள்?”

“அதைச் சொல்ல ஏலாது அண்ணை,” என்றார் அவர், சிரித்துக்கொண்டு. “அது ஒண்டுதான் ஆரின்ர பங்கும் இல்லாத சாமான்.”

நான் மன்னிப்புக் கேட்டேன். றெஜினா கதவுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்து நாக்கை நீட்டினாள். எங்களுக்குள் அது சமாதானம். எல்லாம் முடிந்துவிட்டது, அடுத்த புதன் பழையபடி வந்துவிடும் என்று நான் நம்பினேன்.

அடுத்த புதன் மாமா கேற்றை அகலத் திறந்துவைத்துவிட்டுக் கல்லில் உட்கார்ந்தார். ஒருவரும் வரவில்லை. பத்திரிகையை முழுவதும் படித்துவிட்டுத் திரும்பவும் முதல் பக்கத்திலிருந்து தொடங்கினார். மத்தியானம்வரை ஒரு குடமும் வரவில்லை. உலை வைக்கவேண்டும் என்ற மனுசிகூட வரவில்லை. அதற்கடுத்த புதனும் அப்படியே. பெரியதொரு பாவத்தைச் செய்துவிட்டேன் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. மாமாவிடம் இருந்தது அந்த ஒரு நாள்தான். அதை நான் வாயால் அழித்துவிட்டேன். சாப்பிடவும் மனமில்லை. கிணற்றடிப் பக்கம் போகவே கூசியது.

கரையில் வேறு ஏதோ நடந்துகொண்டிருந்தது. பெண்கள் கூடி ஒரு கடிதம் எழுதியிருந்தார்கள். நாற்பது வீட்டுக் கையெழுத்தோடு அது பிரதேச சபைக்குப் போயிற்று. சபையிலிருந்து பதில் வருவதற்கு முன்பே, தங்கள் மாதா கோயில் வளவில் மணல் மேடாக இருந்த ஒரு மூலையைப் பாதிரியாரிடம் கேட்டு வாங்கி, அலவாங்கும் மண்வெட்டியுமாக இறங்கிவிட்டார்கள். ஆண்கள் கடலுக்குப் போய்வந்து வெட்டினார்கள், பெண்கள் மண் சுமந்தார்கள். மணலுக்குக் கீழே சுண்ணக்கல். மூன்று வாரத்துக்கு மேல் எடுத்தது. வந்த தண்ணீர் எங்கள் கிணற்றளவு இனிப்பில்லை, கொஞ்சம் கனம். ஆனால் குடிக்கலாம்.

மாமா வேலை முடிந்து பின்னேரங்களில் அங்கே போனார். தண்ணீர் கண்ட அன்று வீடு திரும்பும்போது தலைமுதல் கால்வரை சுண்ணாம்புச் சேறு. காற்சட்டையைப் பிழியலாம். முற்றத்தில் நின்றபடியே குசினிக்குக் கேட்கக் கத்தினார்.

“அக்கா, அவையள் என்னட்ட ஒரு சொல்லும் கேக்கேல்லை! எங்க வெட்டுறது, எவ்வளவு ஆழம், ஆர் எப்ப அள்ளுறது, எல்லாம் தாங்களாத்தான் முடிவெடுத்தவை. நான் மண் சுமந்தனான், அவ்வளவுதான்! பூட்டுப் போடுறதோ எண்டு கேட்டனான். ஏன் எண்டு என்னைத் திருப்பிக் கேக்கினம்!”

சொல்லிவிட்டுச் சிரித்தார். கண்ணால் தண்ணீர் ஓடி, முகத்துச் சேற்றில் இரண்டு கோடு விழுந்தது. துடைக்கவும் இல்லை, தொடர்ந்து சிரித்துக்கொண்டே இருந்தார். அப்பா கிணற்றுச் செய்தியைக் கேட்டு, நல்லது என்று ஒரு சொல் சொல்லிவிட்டு, அவருக்குக் கால் கழுவ வாளியில் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தார்.

இன்று சிவப்புக் கொடி பிடித்தவர்கள் கொழும்பில் மந்திரிகளாக வருகிற காலம். தொலைக்காட்சியைப் பார்த்துப் பாதிப்பேர் துள்ளுகிறார்கள், பாதிப்பேர் கதவைச் சாத்துகிறார்கள். எனக்கு அந்த முற்றம்தான் நினைவுக்கு வரும். தேர்தலில் தோற்று, புதன்கிழமையையும் இழந்து, யாரும் தன்னிடம் ஒரு யோசனைகூடக் கேட்கவில்லை என்று கத்திச் சொல்லிச் சிரித்த அந்த மனிதரைப் பார்த்து அப்போது என் நெஞ்சு வெடித்துவிடும்போல இருந்தது. பாவம், எல்லாம் போய்விட்டது, அவமானத்தை மறைக்கத்தான் இப்படிச் சிரிக்கிறார் என்று நான் முடிவு செய்தேன். அன்று சாப்பாட்டுக்கு விளைமீன் பொரியல், ஆளுக்கு ஒரு துண்டு. என் துண்டை ஒருவருக்கும் தெரியாமல் மாமாவின் சோற்றுக் கோப்பையில் வைத்தேன். அவர் இரண்டு துண்டையும் முள் மட்டும் மிஞ்சச் சாப்பிட்டுவிட்டு, இன்னும் சோறு கேட்டார்.